தொழிலும் தொண்டும்: திருத்தொண்டர் புராணத்தின்கண் ஓர் ஆராய்ச்சி

சைவ மேடைகளிலும் பிற மேடைகளிலும், செய்யும் தொழிலே தெய்வம் என்னும் தொடர் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றது. அதற்குச் சான்று வேண்டுமிடத்துப் பேசுவோர் பலரும் திருத்தொண்டர் புராணத்தையே நாடுகின்றனர். குயவரும், வண்ணாரும், பரதவரும், சாலியரும், செக்காடுவோரும் தத்தம் தொழிலில் நின்றவாறே வீடுபேறு எய்தினரென்று சேக்கிழார் பெருமான் பாடியிருத்தலின், தொழிலைச் செவ்வையாகச் செய்தலே வழிபாடு என்பது அந்நூலின் உள்ளக்கிடை என அவர் முடிபு கூறுவர். கேட்பதற்கு இனிய முடிபுதான். எனினும், நூலைத் தொடக்கமுதல் இறுதிகாறும் ஓதினார்க்கு இம்முடிபு நூலின் கருத்தொடு முற்றும் பொருந்துவதன்றென்பது புலப்படும். சேக்கிழார் கூறியது இதனினும் அரியது, இதனினும் கடியதுமாம்.

முதற்கண் சித்தாந்த நெறிபற்றிச் சிறிது நோக்குக. பதி, பசு, பாசம் என்னும் முப்பொருள்களும் தம்முள் வேறெனக் கொண்டது சைவ சித்தாந்தம். தொழிலாவது உயிர் தன் உடம்பும் கருவிகளும் கொண்டு உலகத்தின்கண் இயற்றும் வினை. உடம்பும், கருவியும், உலகும், நுகர்பொருளும் மாயையின் காரியங்கள்; அவற்றை உயிர்க்குக் கூட்டித் தருவோன் இறைவன். ஆகவே தொழில் பாசத்தின் பக்கத்தே நிற்பதன்றிப் பதியின் பக்கத்தே நிற்பதன்று. அதனையே தெய்வமென்றல் விளக்கெரிக்கும் திரியைச் சுடரென்று மயங்குதல் போலும். அற்றேல், தொழில் கட்டேயாகலின் அதனை விடுதலே நெறியோ எனின், அதுவும் அன்று. அழுக்கை நீக்குதற்கு அழுக்குப்போலும் உவர்மண்ணையே வண்ணார் ஆடைக்கு ஊட்டுவர். அதுபோல, மலத்தைக் கழிப்பித்தற்கே மாயையின் காரியங்கள் கொடுக்கப்பட்டன என்பது ஆசிரியர்கள் துணிபு. 13-ஆம் நூற்றாண்டில் எழுந்த சிவஞானபோதம் தன் 10-ஆம் சூத்திரத்தில், இறைவனொடு ஒன்றாகி அவன் பணியில் வழுவாது நிற்பார்க்கே வினையின் வலி கெடும் என்று கூறுகின்றது. 12-ஆம் சூத்திரம் அடியாரது வேடத்தையும் ஆலயத்தையும் இறைவனெனவே தொழுக என்கின்றது. சேக்கிழார் இந்நூற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முற்பட்டவர். அநபாயன் எனப் பெயர்பெற்ற இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தவர். அவர் இச்சூத்திரங்களைப் படித்துப் பாடினாரல்லர். ஆயினும், பின்னர்ச் சூத்திரமாக அமைந்த பொருள் முன்னரே அவர் நூலில் வாழ்க்கையாக நடந்து காட்டுகின்றது.

இதற்குத் திருக்குறிப்புத்தொண்ட நாயனார் புராணமே தலைசிறந்த எடுத்துக்காட்டு. இப்புராணத்தைப் பற்றி ஒரு குறை நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருவதுண்டு. நூறு செய்யுளுக்கு மேல் நீளும் இதன்கண் நாயனாரது வரலாறு இறுதியிலே ஒரு சிறுபகுதியாக நிற்கின்றது. எஞ்சியவெல்லாம் தொண்டைநாட்டின் சிறப்பும் காஞ்சிமாநகரின் சிறப்பும் ஆம். தலை பெருத்து உடல் சிறுத்த வடிவுபோல இஃது அமைந்ததென்பர் குறை கூறுவார். குறை முற்றும் பொய்யன்று. நாட்டுவளம் கூறும் செய்யுட்களிற் சில காப்பிய மரபு பற்றியே வந்தன. ஆயினும் அந்நெடும்பகுதியின் நடுவே அமைந்த ஒரு வரலாற்றை ஊன்றி நோக்கினால், வண்ணாரது சிறுகதைக்கு அது வாயிலாக நிற்றல் விளங்கும்.

உலகீன்ற அம்மை காஞ்சியிற் கம்பையாற்றின் கரையில் இறைவனைப் பூசித்தனள். பூசனை நிகழும்பொழுதே கம்பை பெருக்கெடுத்து வந்தது. அம்மை அஞ்சித் திருமேனியைத் தழுவிக்கொள்ள, இறைவன் குழைந்து காட்சி நல்கினன். அதன்பின் அம்மை அந்நகரிலேயே இருந்து முப்பத்திரண்டு அறங்களையும் வளர்த்தனள் என்று புராணம் கூறும். அம்மையின் தொண்டிற்கு இடையூறாக வந்தது நீர். அதே நகரில், அதே புராணத்தின் இறுதியில், ஏகாலியர் குலத்துத் தோன்றிய ஓர் அன்பரது தொண்டிற்கு இடையூறாக வருவதும் நீரே. முன்னது ஆற்று வெள்ளம், பின்னது விடாமழை. அம்மை தழுவினள், அன்பர் தம் தலையையே கல்லின்மேல் மோதத் துணிந்தனர். இரண்டிடத்தும் இறைவன் வெளிப்பட்டனன். இன்னும் ஒன்றுண்டு. முப்பத்திரண்டு அறங்களை எண்ணும் வழக்கில், பிறர்க்கு வண்ணாரைக் கொடுத்து ஆடை வெளுப்பித்தலும் ஓர் அறமாகவே வைக்கப்பட்டுள்ளது. அம்மை வளர்த்த அறங்களுள் ஒன்றைக் கையால் இயற்றினவர் இந்நாயனார். இதனைச் சேக்கிழார் வெளிப்படச் சொன்னாரில்லை. இரண்டு வரலாற்றையும் ஒரு புராணத்துள் வைத்துவிட்டு மேற்செல்கின்றார்.

இனி வரலாற்றைக் காண்க. அடியார்களது திருவுள்ளக் குறிப்பறிந்து அவர் ஆடைகளை வெளுத்துக் கொடுத்தல் நாயனாரது நியமம். குளிர்காலத்து ஒருநாள், மெலிந்த மேனியும் அழுக்கேறிய கந்தையும் உடைய ஓர் ஏழை அடியார் வந்தார். உடம்பு இளைத்தமைக்குக் காரணம் வினவிய பின்னரே நாயனார் கந்தையை வெளுக்கத் தருமாறு வேண்டினர். இவ்வொழுங்கைக் கவனித்தல் வேண்டும்: முதலில் ஆள், பின்னரே ஆடை. வந்தவரோ, குளிர் தாங்கேன், பொழுது சாயுமுன் உலர்த்தித் தருவையேல் கொள்க என்றார். நாயனார் உடன்பட்டுத் துவைத்துப் புழுக்கினர். அப்பால் மழை இறங்கிற்று. மாலை வரையும் ஓயவில்லை. முன்னரே வீட்டினுள் துவைத்துக் காற்றில் உலர்த்த அறிந்திலேனே என்று நாயனார் ஏங்கும் ஏக்கம் தொழில் அறிந்தார்க்கே வரும் ஏக்கமாகும். சேக்கிழார் இவ்விடத்தில் அன்பை மட்டும் பாடாது, துணி வெளுப்பார் வெயிலையும் காற்றையும் மழையையும் எண்ணும் எண்ணத்தையும் உடன் பாடியிருத்தல் போற்றத்தக்கது.

தொழிலே தெய்வமாயின், இந்நாயனாரது கதை இங்ஙனம் அமையலாகாது. அந்நாளில் அவர் தொழில் தோற்றது. துணி உலரவில்லை, சொன்ன சொல் நின்றதில்லை. தொழிலின் நிறைவே வழிபாடென்பார்க்கு இது வழிபாடு கெட்ட நாளாகவே முடியும். புராணமோ அந்நாளையே அவர் வாழ்வின் உச்சியாக வைத்துப் பாடுகின்றது. அவர் வருந்தியது தொழில் கெட்டமைக்கன்று. ஓர் அடியார் குளிரில் நடுங்குதற்குத் தாம் ஏதுவாயினமைக்கே.

இவ்வமைப்பு ஒரு புராணத்தோடு நிற்கவில்லை. நாகையில் மீன்வளம் பொய்த்து நாளுக்கு ஒரு மீனே அகப்பட்ட காலத்திலேதான் அதிபத்தரது அன்பு வெளியாகின்றது. புல் விலைபோகாத நாளிலேதான் கணம்புல்லரது விளக்கு உண்மையில் எரிகின்றது. கலிய நாயனார் புராணம் இவ்வகையில் எல்லாவற்றினும் கடுமையுடையது. திருவொற்றியூரிற் சக்கரப்பாடித் தெருவில் எண்ணெய் வாணிகர் குலத்திற் செல்வராய்ப் பிறந்த அவர், கோயிலின் உள்ளும் புறம்பும் விளக்கேற்றித் தம் பொருளெல்லாம் தொலைத்தார். பின்னர்ச் சுற்றத்தாரிடம் எண்ணெய் பெற்று விற்று, அதில் வந்த ஊதியத்தால் விளக்கிட்டார். அதுவும் ஒழிந்தது. ஒருகாலத்துச் செக்குகளுக்கு உரியவராயிருந்தவர் பிறர் செக்கிற் கூலியாளாய் உழைத்தார். கூலிக்கு வருவார் பலராயினமையின் அக்கூலியும் கிட்டாதாயிற்று. வேலை வேண்டுவார் மிக்கு வேலை அருகிய துன்பத்தைப் 12-ஆம் நூற்றாண்டுப் புலவர் ஒருவர் அடியார் வரலாற்றினுள் வைத்துப் பாடினார் என்பது எண்ணுதற்குரியது. அரசனுக்கு அமைச்சராய் இருந்து நாட்டு நிலை கண்டவராதலின் இது அவர்க்குப் புலனாயிற்றுப் போலும். மனை விற்று, மனைவியாரையும் விற்க முயன்று, கொள்வார் இன்றி, இறுதியில் எண்ணெய்க்கு ஈடாகத் தம் குருதியை நிறைக்கக் கழுத்தை அரியத் தொடங்கிய பொழுது இறைவன் கைபிடித்துத் தடுத்தனன்.

மனைவியாரை விற்கத் துணிந்த செய்தி இக்காலத்தார் மனத்தை உறுத்துதல் இயல்பு, உறுத்துதலே நேரிது. அதனை அன்பின் மிகுதி என்று ஒரு சொல்லால் மூடிவிடும் உரைகள் நிறைவு தருவனவல்ல. அம்மையாரது உள்ளம் யாதென்று புராணம் கூறவில்லை. கூறாமை ஒரு குறையே.

வேலை இல்லாதார் நிலையைத் தொழிலே தெய்வம் என்னும் கொள்கை எவ்வாறு நோக்கும்? தொழில் இழந்தவன் தெய்வத்தையும் இழந்தவனாதல் வேண்டும். முதுமையாலோ நோயாலோ கை ஓய்ந்தவனும், ஆலை மூடப்பட்டு வெளியே நின்றவனும் வழிபாட்டிற்குப் புறம்பாவர். இக்கொடுமை அத்தொடரினுள் மறைந்து கிடத்தலை மேடைப் பேச்சாளர் எண்ணுவதில்லை. கலியரது வரலாற்றிலோ, செல்வம், வாணிகம், கூலி, மனை என ஒவ்வொன்றாகக் கழன்று விழவும், விளக்கேற்றவேண்டும் என்னும் குறிக்கோள் மட்டும் கழலாது நிற்கின்றது. அவர்க்கு வாழ்வின் பொருள் செக்கில் இல்லை. செக்கு அப்பொருளுக்குச் சிலகாலம் உதவிற்று.

இவ்விடத்தில் மற்றொரு வேறுபாடும் விளங்குகின்றது. திருக்குறிப்புத்தொண்டர், நேசர், திருநீலகண்டர் ஆகியோரின் கைப்பொருள் நேரே அடியாரைச் சென்று சேர்கின்றது. வெளுத்த ஆடை, நெய்த கீளும் கோவணமும், வனைந்த ஓடு ஆகியவற்றைக் கொள்வார் முகத்தை அவர்கள் கண்டறிவர். கலியரும் கணம்புல்லரும் அத்தகையரல்லர். அவர் எண்ணெயும் புல்லும் யாரோ ஒருவர்க்கு விலையாகும், விலைப்பொருளே தொண்டாகும். ஓர் ஆடையின் ஒரு தையலை மட்டும் நாள்முழுதும் தைத்து, அதனை உடுப்பார் யாரென்று அறியாதிருக்கும் இற்றைநாள் தொழிலாளர்க்கு முன்னவரினும் பின்னவரே அணியர். செய்பொருளிலே இன்பம் காண இயலாத வேலையும் உலகில் மிகப்பல உண்டு. அதனை இன்பமென்று சொல்லி ஏமாற்றவேண்டுவதில்லை. இவ்விரு திறத்தாருள் ஒரு திறத்தாரை உயர்த்தியும் மற்றவரைத் தாழ்த்தியும் சேக்கிழார் யாண்டும் கூறிற்றிலர்.

கையுழைப்புக்கு அவர் தந்த மதிப்பைத் திருவீழிமிழலை நிகழ்ச்சியிற் காணலாம். நாட்டிற் பஞ்சம் வந்துற்றபொழுது, அடியார்களை உண்பித்தற்குத் திருஞானசம்பந்தர்க்கும் திருநாவுக்கரசர்க்கும் இறைவன் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு படியாக வைத்தருளினன். கிழக்குப் பீடத்தில் வைத்தது பிள்ளையார்க்கு. மேற்குப் பீடத்தில் வைத்தது அரசுக்கு. அரசின் காசு வட்டமின்றி மாறிற்று. பிள்ளையாரின் காசுக்கு வாசி கேட்டனர். அதனால் ஒரு திருமடத்தில் அமுது முற்படவும் மற்றொன்றிற் பிற்படவும் நேர்ந்தது. காரணம் கூறுமிடத்து, அரசு கையால் திருத்தொண்டு செய்பவர் என்பதையே சேக்கிழார் காட்டுகின்றார். இறைவனால் மகன்மை கொள்ளப்பட்ட ஞானக்குழந்தையின் காசினும் உழவாரம் பிடித்துப் புல் செதுக்கிய முதியவரின் காசு தூயதாயிற்று. இதனை எழுதியவர் பிள்ளையாரிடத்துப் பேரன்பு பூண்ட புலவரே என்பதை மறத்தலாகாது.

அதே உழவாரம் திருப்புகலூரில் வேறொரு பாடம் புகட்டுகின்றது. அரசு பணிசெய்யும் இடமெல்லாம் பொன்னும் மணியும் மிளிர்ந்தன. அவர் அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒப்ப உழவாரத்தில் ஏந்தி வாவியில் எறிந்தனர். ஒன்றில் உழைப்பின் காசு குறையாத மதிப்புப் பெறுகின்றது. மற்றொன்றில் உழைப்பிடத்தே கிடைத்த பொன் குப்பையாகின்றது. காசு அடியார் பசிக்கு. பொன் யாருக்கும் அன்று. இவ்விரண்டையும் முரணென்று கொள்ளுதல் பொருந்தாது.

இனி, திருத்தொண்டர் புராணம் அவரவர் குலத்தொழிலிலேயே அவரவர் அடங்கிக் கிடக்கவேண்டும் என்று விதிப்பதாகக் கூறுவாரும் உளர். அவர் நூலைச் செவ்வனே பயின்றிலர். ஏனாதிநாதர் ஈழக்குலச் சான்றார். அவர் செய்ததோ வாட்படை பயிற்றும் தொழில். வேளாளர் குலத்துத் தோன்றி மருள்நீக்கியார் எனப் பெயர்பெற்றவர் கோயில் முற்றத்துப் புல் செதுக்கும் கருவியைத் தோளில் ஏந்தினார். ஏனாதிநாதர் புராணத்தில் அதிசூரன் என்பானும் அதே வாட்பயிற்சித் தொழிலன். தொழில் ஒன்று, குலம் ஒன்று. ஒருவர் ஊதியம் அடியார்க்குச் சென்றது, மற்றவன் ஊதியம் குறைந்தபொழுது அழுக்காறாய் மாறிக் கொலையாய் முடிந்தது. தொழிலை மட்டும் நோக்கினால் இவ்விருவரையும் பிரித்தறிதல் இயலாது.

திருநாளைப்போவார் புராணத்தில் நூலாசிரியரது நோக்கு மிகக் கூரியது. அவரது எல்லையும் அங்கேயே தெரிகின்றது. 19-ஆம் நூற்றாண்டிற் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையிற் காணும் வேதியர் பண்ணையும் அவர் விதிக்கும் வேலையும் சேக்கிழார் நூலில் இல்லை. ஆதனூரில் தமக்குரிய நிலத்தின் பயன்கொண்டு வாழ்ந்து, திருக்கோயிற் பேரிகைகளுக்குத் தோலும் விசிவாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசனைக்குக் கோரோசனையும் அளித்து வந்தவராகவே சேக்கிழார் காட்டுகின்றார். உலகம் இழிந்ததென்று ஒதுக்கிய கையினின்றும் போந்த தோல் கோயிலினுள் முழங்கிற்று. கொடுத்த கையுடையார் மட்டும் வாயிலின் புறத்தே நின்றார். இம்முரணை இத்துணைத் தெளிவாக நம்முன் நிறுத்திய புலவர், தில்லையில் அவரைத் தீயினுட் புகுவித்து வேறு வடிவில் எழுவித்தே உள்ளே விடுகின்றார். தோலுக்கு வேண்டாத தீ தோல் தந்தார்க்கு ஏன் வேண்டிற்று என்னும் வினாவிற்கு நூலினுள் விடையில்லை. தம் காலத்து வழக்கைச் சேக்கிழார் தாண்டிற்றிலர் என்றலே நேர்மை. 1939-ஆம் ஆண்டு மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலினுள் தீயின்றியே அம்மரபினர் புகுந்தனர். அவ்வழக்கு மாறுதற்கு அத்துணைக் காலம் சென்றது.

பெண்டிர் உழைப்பைச் சேக்கிழார் எவ்வாறு பாடினார் என்பது தனியே ஆராயற்பாலது. கலியர் மனைவியார் வாய் திறந்திலர் என மேலே காட்டப்பட்டது. இளையான்குடி மாற நாயனார் மனைவியாரோ அங்ஙனம் அல்லர். செல்வம் சுருங்கி இரவில் உணவின்றி இருந்த இல்லத்திற்கு, மழையில் நனைந்து ஓர் அடியார் வந்தார். செய்வதறியாது நாயனார் கலங்க, வழி கண்டவர் அம்மையார். அன்று பகலில் வயலில் விதைத்த நெல்முளையை வாரிக்கொணர்ந்தால் இயன்றவாறு அமுதாக்குவேன் என்றவர் அவரே. உழவன் மனைவிக்கு விதைநெல்லின் அருமை தெரியாததன்று, தெரிந்தே சொன்னார். நாயனார் கூடையைத் தலைமேற் கவிழ்த்து, இருளிற் காலால் வழி தடவிச் சென்று, நீரில் மிதந்த முளையை வாரி வந்தார். அம்மையார் வாயிலில் எதிர்நின்று வாங்கிச் சேறு கழுவினார். விறகில்லை என்றபொழுது நாயனார் கூரையின் வரிச்சை அறுத்துத் தந்தார். ஈரமுளையை வறுத்துக் குற்றி அரிசியாக்கி உலையிலிட்டபின், கறிக்கு என் செய்வோம் என்று அடுத்த வேலையை அம்மையாரே நினைவூட்டுகின்றார்.

நாயனார் கொல்லைக்குச் சென்று, குழி நிரம்பாத இளம்பயிரைக் கையால் தடவிப் பறிக்கின்றார். அவ்விடத்திற் சேக்கிழார் ஓர் உவமை வைக்கின்றார்: பாசத்தின் வேரைப் பறிப்பார்போலப் பறித்தார் என்பது அதன் கருத்து. இருளில், மழையில், ஓர் ஏழை உழவன் கீரை பறிக்கும் செயலுக்கு வீட்டுநெறியின் முடிந்த நிலையை உவமையாக்கிய துணிவு வேறு காப்பியங்களிற் காண்டற்கு அரிது. பறித்தது குலத்தொழிலாலும் அன்று, ஊதியத்திற்கும் அன்று. அடுத்த விளைவுக்கும் அதில் இடமில்லை, விதையே உலையேறிவிட்டதன்றோ! பறித்த கீரையை அம்மையார் வாங்கி ஆய்ந்து கழுவி, அவ்வொன்றையே வெவ்வேறு கறிகளாகச் சமைத்தார். நூலாசிரியர் அவர்க்குப் பெயர் தந்திலர். ஆயினும் அடியாரைத் துயிலெழுப்பி அமுதுக்கு அழைத்தபொழுது எழுந்த சோதி இருவர்க்கும் எழுந்தது; இறைவன் தன் உலகத்திற்கு வருக என அழைத்ததும் இருவரையுமே.